வியர்வையில் வசியம் உண்டா?

விராலிமலை வட்டாரத்தில் நிலக்கடலை போடும் விவசாயிக்கு இனக்கவர்ச்சிப் பொறி புதிய சங்கதி இல்லை. வயலில் நட்ட குச்சியில் ஒரு பிளாஸ்டிக் புனல், அதற்குக் கீழே நீளமான பாலித்தீன் பை, மேல்மூடிக்கு அடியில் விரல்நுனி அளவு ரப்பர் குப்பி, அவ்வளவுதான் பொறி. குப்பியில் ஏற்றியிருப்பது, புரொடீனியா புழுவின் தாய் அந்துப்பூச்சி ஆண் பூச்சியை அழைக்க வெளியிடும் மணத்தின் ஆய்வகப் படி. இருட்டியதும் ஆண் பூச்சிகள் தேடி வந்து புனலுக்குள் விழுகின்றன. ஹெக்டேருக்கு 12 பொறி என்பது வழக்கமான பரிந்துரை. குப்பியின் வீரியம் குறைந்ததும் புதியதை மாட்டினால் போதும். புதுக்கோட்டையில் பிறந்த பூச்சியும் விழுப்புரத்தில் பிறந்த பூச்சியும் அதே குப்பிக்குத்தான் வருகின்றன. முந்தைய அனுபவம் அவற்றுக்குத் தேவையில்லை. அந்த மணம் எட்டியதும் காற்றை எதிர்த்துப் பறந்து வருவதைத் தவிர ஆண் பூச்சிக்கு வேறு வழி இல்லை. ஒரு மணம் ஓர் உயிரைக் கட்டி இழுப்பது எப்படியிருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இதே தத்துவத்தை மனிதருக்குப் பொருத்திப் பார்க்கும் ஆசை இப்போது கைபேசி வழியாக எல்லா ஊருக்கும் வந்துவிட்டது. செய்முறை ஏறக்குறைய ஒன்றேதான். ஓரிரு நாள் சோப்பு, பவுடர், டியோடரன்ட் எதுவும் போடாமல் இருக்க வேண்டும். உடற்பயிற்சி செய்து நன்றாக வியர்க்க வேண்டும். அக்குளில் பஞ்சை வைத்து வியர்வையை ஒற்றியெடுக்க வேண்டும். அதை ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் வாசனை எண்ணெய் கலந்து கழுத்திலும் மணிக்கட்டிலும் தடவிக்கொள்ள வேண்டும். எதிரில் வருபவருக்குக் காரணமே தெரியாமல் ஈர்ப்பு வந்துவிடுமாம். செய்யச் சோம்பல்படுபவர்களுக்கு ‘ஃபெரோமோன் சென்ட்’ என்ற பெயரில் ஆயத்தப் புட்டியும் கிடைக்கிறது. வசிய மை, இடுமருந்து என்று ஒரு காலத்தில் மறைவாக விற்ற சரக்கு, அறிவியல் பெயர் சூடி வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. இதை மறுப்பதற்காக, மனித வியர்வை எதையுமே சொல்வதில்லை என்று அடித்துப் பேசுவதும் தவறாகிவிடும். வியர்வை சிலவற்றைச் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் அது தருவது தகவல். கட்டளை இடும் வல்லமை அதற்கு இருப்பதாக இதுவரை யாரும் காட்டவில்லை. அந்தத் தகவலுக்குப் பொருள் கொடுப்பது முகர்பவரின் உடலமைப்பு, பழக்கம், உறவு ஆகியவை. இவற்றைப் புட்டியில் அடைக்க முடியாது என்பதால்தான் வசியமும் அடைபட மறுக்கிறது.

முதலில் ஃபெரோமோன் என்று எதைச் சொல்ல வேண்டும் என்பதில் கறாராக இருப்பது நல்லது. பீட்டர் கார்ல்சன், மார்ட்டின் லூஷர் என்ற இருவர் 1959இல் அந்தப் பெயரை முன்வைத்தார்கள். ஓர் உயிரினம் வெளியே விடும் பொருள், அதே இனத்தைச் சேர்ந்த இன்னொன்றிடம் குறிப்பிட்ட ஒரு விளைவை உண்டாக்கினால் அது ஃபெரோமோன். அதே ஆண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் பூட்டெனான்ட் அதன் முதல் உதாரணத்தைப் பிரித்தெடுத்துக் காட்டினார். பட்டுப்பூச்சியின் பெண் இனம் சுரக்கும் பாம்பிகால் என்ற அந்தப் பொருளைச் சில மில்லிகிராம் அளவில் பெற, ஏறத்தாழ 5 லட்சம் பூச்சிகளின் சுரப்பிகளும் 20 ஆண்டு உழைப்பும் தேவைப்பட்டன. உழைப்பு பெரிதாக இருந்ததற்குக் காரணம், நிரூபணம் கடுமையாக இருந்ததுதான். குறிப்பிட்ட விளைவு உண்மையிலேயே நிகழ்கிறது என்று காட்ட வேண்டும். அதற்குக் காரணமான மூலக்கூறையோ கலவையையோ தனியே பிரிக்க வேண்டும். அதை ஆய்வகத்தில் செய்து கொடுத்தாலும் அதே விளைவு வர வேண்டும். இயற்கையில் வெளியாகும் அளவிலேயே வர வேண்டும். அந்த இனத்தில் ஒருவருக்கு நேர்வது மற்றவர்களுக்கும் நேர வேண்டும். வயலில் நிற்கும் பொறி இந்தப் படிகள் அத்தனையையும் தாண்டி வந்தது. மனிதருக்கான புட்டியையும் இதே தராசில்தான் நிறுத்த வேண்டும்.

பூச்சியை விட்டு மேலே ஏறி, நம்மைப் போல் குட்டி ஈன்று பாலூட்டும் விலங்குகளிடம் வந்தாலும் இத்தகைய சான்றுகள் உண்டு. அதில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. விராலிமலையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் திருச்சியின் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் ஜி. அர்ச்சுனன் தலைமையிலான விலங்கியல் குழு பல ஆண்டுகள் மாடு, எருமை ஆகியவற்றின் மணச் சமிக்ஞைகளை ஆராய்ந்தது. எருமை வளர்ப்பவர்களின் பழைய தலைவலி, அது பருவத்துக்கு வந்ததை வெளியே காட்டிக்கொள்ளாமல் நிற்பது. நாள் தவறினால் சினை ஊசி வீண். மனிதர் கண்ணுக்குத் தெரியாததை எருமைக்கிடா கண்டுபிடித்துவிடுகிறது. சிறுநீரை முகர்ந்து மேலுதட்டைச் சுருட்டி நிற்கிறது. பருவகாலச் சிறுநீரில் மட்டும் தென்படும் சேர்மங்களைத் திருச்சிக் குழு பிரித்துப் பார்த்தது. 4-மெத்தில்ஃபீனால் அவற்றுள் ஒன்று. அவற்றைக் கிடாக்களிடம் வைத்து நடத்தை மாறுகிறதா என்றும் சோதித்தது. ஆட்டிலும் இதே கதைதான். கிடாவை மந்தையில் விட்டால் பெட்டைகள் பருவத்துக்கு வரும் என்பது ஆடு மேய்ப்பவர்களின் அனுபவ அறிவு. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014இல் கிடாவின் தலையில் மணத்தைப் பிடிக்கும் தொப்பியை மாட்டி அதற்குக் காரணத்தைத் தேடினார்கள். 4-எத்தில்ஆக்டனால் என்ற பொருள் சிக்கியது. அது பெட்டையின் மூளையில் இனப்பெருக்க ஹார்மோனை முடுக்கிவிடும் மையத்தைத் தூண்டுகிறது. காயடித்த கிடாவிடம் அது கிடைக்கவில்லை.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் இருந்தால் மனிதனுக்கும் இருக்கத்தானே வேண்டும் என்பது முதல் மறுப்பு. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு இனமும் தன் துணையை ஒவ்வொரு வழியில் தேடுகிறது. விராலிமலையின் மயில் தோகையையும் குரலையும் நம்பியிருக்கிறது. ஆசிய யானை மணத்தை நம்பியிருக்கிறது; பெண் யானையின் சிறுநீரில் உள்ள ஃபெரோமோனும் நூற்றுக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் பயன்படுத்தும் சேர்மமும் ஒன்றே என்று 1996இல் தெரியவந்தது. நம் சொந்தக் கிளைக்குள்ளேயே வேறுபாடு இருக்கிறது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் பரவியிருக்கும் கடவூர் காடுகளை 2022இல் தமிழக அரசு தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. குரங்கினத்துக்கு உறவான அந்தத் தேவாங்கு, தன் சிறுநீரைக் கையிலும் காலிலும் தடவிக்கொண்டு கிளைகளில் மணத்தைப் பதித்துச் செல்லும். கோயில் படிகளில் திரியும் நாட்டுக் குரங்கும் வாலில்லாக் குரங்குகளும் மனிதரும் வேறு பாதையில் வந்தவர்கள். பல விலங்குகள் ஃபெரோமோனை உணரப் பயன்படுத்தும் மூக்கடி உறுப்புக்குத் தேவையான ஒரு மரபணு, நம் கிளையில் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே செயலிழந்துவிட்டது. வளர்ந்த மனிதரிடம் அந்த உறுப்பின் எச்சம் இருந்தாலும், அதை மூளையோடு இணைக்கும் நரம்பு வேலை செய்வதாகச் சான்று இல்லை. இதை மட்டும் வைத்து வழக்கை முடித்துவிடவும் கூடாது. பன்றி தன் ஃபெரோமோனைச் சாதாரண மூக்காலேயே உணர்கிறது. அதனால் மனித ஃபெரோமோனுக்குக் கதவு முற்றாக அடைபடவில்லை. விலங்குகளை மட்டும் காட்டி அதைத் திறந்துவிடவும் முடியாது.

அப்படியானால் வியர்வையையே பார்த்துவிடுவோம். உடல் முழுவதும் 20 லட்சத்திலிருந்து 40 லட்சம் வரை இருக்கும் சாதாரண வியர்வைச் சுரப்பிகள் உடலைக் குளிர்விப்பவை; அவற்றிலிருந்து வருவது பெரும்பாலும் உப்புநீர். அக்குள், மார்க்காம்பைச் சுற்றிய பகுதி, பிறப்புறுப்புப் பகுதி போன்ற சில இடங்களில் மட்டும் இன்னொரு வகைச் சுரப்பி உண்டு. பூப்பெய்தும் வயதில்தான் அது வேலையைத் தொடங்குகிறது. ஃபெரோமோன் ஆதரவாளர்களின் நம்பிக்கை முழுவதும் அதன்மீதே. ஆனால் அந்தச் சுரப்பியிலிருந்து அப்போதுதான் வந்த வியர்வைக்கு ஏறக்குறைய மணமே கிடையாது. அக்குளில் குடியிருக்கும் கோரினிபாக்டீரியம், ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை உடைத்த பிறகே வாடை எழுகிறது. ஆட்டு வாடை அடிக்கும் ஒரு கொழுப்பு அமிலம், சீரகத்தை நினைவூட்டும் இன்னொன்று, வெங்காய நெடியுள்ள ஒரு கந்தகச் சேர்மம் ஆகியவை இதில் முக்கியமானவை. கந்தகச் சேர்மத்தை விடுவிக்கும் நொதியை ஸ்டஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் என்ற பாக்டீரியாவில் பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழகக் குழு 2020இல் விவரித்தது. ஒருவரின் அக்குள் வாடை என்பது அவரது சுரப்பியும் அங்கே வாழும் நுண்ணுயிர்க் கூட்டமும் நிமிடத்துக்கு நிமிடம் சேர்ந்து தயாரிப்பது. வியர்த்த பஞ்சை ஸ்பிரிட்டில் போட்டதும் அந்தக் கூட்டம் செத்துவிடுகிறது, தயாரிப்பு நின்றுவிடுகிறது. எளிதில் ஆவியாகும் பகுதி வடிகட்டும்போதே போய்விடும், மீதமுள்ளது காற்றுப் பட்டு மாறும். புட்டியில் கடைசியில் தங்குவது உடலின் மணமாகக்கூட இருக்காது, அதன் கசண்டாகத்தான் இருக்கும்.

இதற்கும் மேலாக ஒரு வலுவான சான்று கிழக்காசியாவிலிருந்து வருகிறது. ஏபிசிசி11 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தால், அக்குள் சுரப்பி வாடைக்கான மூலப்பொருட்களை வெளியே தள்ளுவதில்லை. அப்படிப்பட்டவர்களின் காதுக் குறும்பியும் பிசுபிசுப்பாக இல்லாமல் உலர்ந்து பொடியாக இருக்கும். காதுக் குறும்பியை வைத்துத்தான் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் இந்த மரபணு மாற்றத்தை அடையாளம் கண்டார்கள். கொரியர்களில் மிகப் பெரும்பாலோரும் சீனர், ஜப்பானியர்களில் பெரும் பகுதியினரும் இந்த மாற்றத்தைப் பெற்றவர்கள். அவர்களின் அக்குளில் சொல்லும்படியான வாடை கிடையாது. மனித இனத்தின் துணைத் தேடலுக்கு அக்குள் வாடைதான் சாவி என்றால், அந்தச் சாவி இல்லாத கோடிக்கணக்கானோர் காதலித்து, மணந்து, பிள்ளை பெற்று வாழ்வதை எப்படி விளக்குவது? எருமைப் பெட்டையின் சிறுநீரில் மணம் இல்லாவிட்டால் கிடா திரும்பிப் பார்க்காது. மனிதரிடம் அது இல்லாமலே எல்லாம் நடக்கிறது.

புட்டிகளின் லேபிளில் அடிக்கடி தென்படும் பெயர் ஆண்ட்ரோஸ்டாடையினோன். பெண்களுக்கானது என்று எஸ்ட்ராடெட்ராயினால் விற்கப்படுகிறது. இவற்றின் பிறப்புக் கதையைத் தெரிந்துகொண்டால் பாதிச் சந்தேகம் தீரும். ஆண் பன்றியின் எச்சிலில் ஆண்ட்ரோஸ்டினோன் என்ற ஸ்டீராய்டு இருக்கிறது. பருவத்தில் உள்ள பெண் பன்றியின் மூக்கருகே அதைத் தெளித்தால் அது அசையாமல் நின்று இணைசேர இசையும். மேலை நாட்டுப் பன்றிப் பண்ணைகளில் செயற்கைக் கருவூட்டலுக்கு அந்த ஸ்பிரே பயன்படுகிறது. அதற்கு உறவான ஸ்டீராய்டு மனித வியர்வையிலும் இருக்கிறது என்றதும் கற்பனை சிறகடித்தது. 1991இல் பாரிஸில் நடந்த ஒரு மாநாட்டில் மேற்சொன்ன இரண்டும் மனித ஃபெரோமோன் என்று அறிமுகமாயின. மாநாட்டுக்குப் பணம் தந்தது, அதே பொருட்களுக்குக் காப்புரிமை பெறுவதில் அக்கறை கொண்டிருந்த எராக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம். ஏன் இந்த இரண்டு, எந்த மனிதரிடம் என்ன விளைவைப் பார்த்து இவற்றைத் தேர்ந்தார்கள் என்ற விவரம் வெளிவரவே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ட்ரிஸ்ட்ரம் வயாட் 2015இல் எழுதிய ஆய்வுரையில் இதைச் சுட்டிக்காட்டி, பல ஆண்டு ஆராய்ச்சி தவறான அடித்தளத்தின் மேல் எழுப்பப்பட்டது என்றார். 2017இல் ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனையில், இந்த மணங்களை முகர்ந்தவர்கள் முகங்களைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வதிலோ, எதிர்பாலினரின் அழகை மதிப்பிடுவதிலோ மாற்றம் எதுவும் தென்படவில்லை. இன்னொரு சிக்கல் மூக்கிலேயே இருக்கிறது. ஆண்ட்ரோஸ்டினோனும் ஆண்ட்ரோஸ்டாடையினோனும் சிலருக்குச் சிறுநீர் நாற்றமாகவும், சிலருக்கு இனிப்பு வாடையாகவும் படுகின்றன. வேறு சிலருக்கு மணமே தெரிவதில்லை. ஓர் ஏற்பி மரபணுவின் வேறுபாடு இதற்கு ஒரு காரணம் என்பது 2007இல் தெரியவந்தது. ஆளுக்கு ஆள் எதிரெதிராகப் படும் ஒரு பொருளை எல்லாரையும் இழுக்கும் மருந்து என்று எப்படிச் சொல்வது?

புட்டியை ஆதரிப்பவர்கள் கையில் வேறு இரண்டு ஆய்வுகள் தவறாமல் இருக்கும். ஒன்று, சேர்ந்து வாழும் பெண்களின் மாதவிலக்கு ஒரே சமயத்துக்கு வந்துவிடுகிறது என்பது. அமெரிக்கக் கல்லூரி விடுதி ஒன்றில் 135 பெண்களிடம் திரட்டிய தரவை வைத்து மார்த்தா மெக்லின்டாக் 1971இல் இதை எழுதினார். வியர்வையில் கலந்த ஃபெரோமோன் காரணமாக இருக்கலாம் என்ற ஊகம் உலகம் முழுவதும் உண்மையாகவே பரவிவிட்டது. பின்னால் வந்தவர்கள் அதன் கணக்கு முறையிலேயே பிழை கண்டார்கள். சீனாவில் விடுதி அறைகளில் ஓராண்டுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்த 186 பெண்களைப் பின்தொடர்ந்து 2006இல் வெளியான ஆய்வு, அப்படி ஒத்திசைவு எதுவும் ஏற்படவில்லை என்றது. ஆளுக்கு ஆள் வேறுபடும் நீளமுள்ள சுழற்சிகள் அவ்வப்போது ஒன்றன்மேல் ஒன்று விழுவது கணக்கின் இயல்பு; விழும் மாதம் நினைவில் நிற்கிறது, விழாத மாதம் மறந்துபோகிறது. இரண்டாவது, சுவிட்சர்லாந்தில் க்ளாஸ் வெடகின்ட் 1995இல் நடத்திய பனியன் சோதனை. ஆண்கள் இரண்டு இரவு போட்டுக்கொண்ட பனியன்களைப் பெண்கள் முகர்ந்தார்கள். தங்களுடைய நோயெதிர்ப்பு மரபணுக்களிலிருந்து வேறுபட்டவர்களின் வாடையை அதிகம் விரும்பினார்கள். அதைத் தொடர்ந்து வந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஆனால் அது முழு உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது புட்டிக்கு எதிரான சாட்சிதான். ஒருவருக்குப் பிடிக்கும் வாடை இன்னொருவருக்குப் பிடிக்காது என்பதுதானே அதன் செய்தி? ஒருவர் தன் வியர்வையை வடித்துத் தடவிக்கொண்டால், அந்தக் கணக்குப்படி, சிலர் கவரப்பட்டால் வேறு சிலர் விலகவும் செய்வார்கள்.

மனித மணத்தில் ஒன்றுமே இல்லை என்ற எதிர்முனைக்கும் போக வேண்டாம். பயத்தில் வியர்த்தவரின் வியர்வையை முகர்ந்தவர்களிடம், அது பய வியர்வை என்று தெரியாதபோதும், மூளையின் எச்சரிக்கை மையம் கூடுதலாக இயங்கியதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் இடையிலான மணம் இன்னும் உறுதியான சான்று. கண் சரியாகப் பார்க்கத் தொடங்கும் முன்பே குழந்தை தாயின் மார்பு மணத்தை நோக்கித் தலையைத் திருப்புகிறது. மார்க்காம்பைச் சுற்றியுள்ள சிறு சுரப்பிகளின் கசிவை, பிறந்து மூன்று நாளே ஆன குழந்தைகளின் மூக்கருகே காட்டியபோது, உதட்டையும் நாக்கையும் அசைத்துப் பால் தேடும் செயல் கூடியதாக 2009இல் பிரான்ஸ் நாட்டுக் குழு எழுதியது. சோதனைக்குத் தந்தது வேறு தாய்மார்களின் கசிவு என்பது கவனிக்க வேண்டியது. மனிதருக்கு ஃபெரோமோன் என்று ஒன்று என்றாவது நிரூபணமானால், அது இந்த இடத்திலிருந்து வரவே வாய்ப்பு அதிகம் என்கிறார் வயாட். காமத்தைத் தூண்டும் சரக்காக விற்கப்படும் ஒன்றுக்கு, அறிவியல் காட்டும் சிறந்த சான்று பசித்த குழந்தையிடம் இருக்கிறது. அங்கும் காரணமான மூலக்கூறு இன்னும் பிரித்தெடுக்கப்படவில்லை.

வளர்ந்தவர்களிடம் மணம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு விராலிமலைக் கோயிலே ஒரு சான்று வைத்திருக்கிறது. மலைமேல் இருக்கும் முருகனுக்குச் சுருட்டு படைப்பது அங்குள்ள வழக்கம். வெள்ளம் பெருகிய ஆற்றைக் கடக்க முடியாமல் தவித்த பக்தர் ஒருவரிடம் சுருட்டு கேட்டு வாங்கி, அவரைக் கரை சேர்த்தது முருகனே என்று கதை சொல்கிறது. அந்தக் கதையோடு வளர்ந்தவருக்குச் சுருட்டின் வாடை பக்தியின் பக்கம் நிற்கும். வேறு ஊரில், மூடிய அறையில், அதே புகையிலையின் அதே மூலக்கூறுகள் மூக்கைப் பொத்த வைக்கும். பொருள் மாறவில்லை, அதைச் சுற்றிய நினைவும் இடமும் மாறியிருக்கின்றன. ஆய்வகத்திலும் இதைக் காட்டியிருக்கிறார்கள். கால் வியர்வையிலும் பாலாடைக்கட்டியிலும் பொதுவாக இருக்கும் ஐசோவலரிக் அமிலத்தின் மணத்தை, ஒருமுறை பாலாடைக்கட்டி என்ற பெயரோடும் இன்னொரு முறை உடல் நாற்றம் என்ற பெயரோடும் கொடுத்தது 2005இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு. முதல் பெயரோடு முகர்ந்தவர்கள் அதை இனிமையானது என்று கூடுதலாக மதிப்பிட்டார்கள். மூளையில் ஏற்பட்ட தூண்டுதலும் பெயருக்கேற்ப மாறியது. கணவரின் சட்டையில் மனைவிக்கு ஆறுதல் தரும் வாடை, கூட்டமான பேருந்தில் அந்நியரிடமிருந்து வந்தால் தொல்லை. உறவு முதலில் வருகிறது. மணம் அதன் அடையாளமாகப் பிறகு ஒட்டிக்கொள்கிறது. வியர்வைப் புட்டியின் கடை இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டு வியாபாரம் செய்கிறது.

புனுகும் கஸ்தூரியும் விலங்குகளின் சுரப்புதானே, அவற்றை நம் முன்னோர் வாசனைப் பொருளாகக் கொண்டாடவில்லையா என்று கேட்கலாம். கொண்டாடினார்கள். திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரருக்குக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி ஆண்டுக்கு மூன்று நாள் மட்டும் கவசம் நீக்கிப் புனுகுத் தைலம் சாத்துவது இன்றும் நடக்கிறது. ஆனால் புனுகுப் பூனையின் சுரப்பைக் கெட்டியாக முகர்ந்தால் குமட்டும். மிகச் சிறிதளவு கலந்தால்தான் அது நறுமணம். மற்ற வாசனைகள் சீக்கிரம் பறந்துபோகாமல் பிடித்து வைப்பதும் அதன் வேலை. கஸ்தூரியிலும் புனுகிலும் உள்ள மணப்பொருட்களின் வடிவத்தை 1926இல் வெளிப்படுத்தியவர் லியோபோல்ட் ருசிச்கா. 1939ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பூட்டெனான்ட்டோடு பகிர்ந்துகொண்டவர் அவர். கஸ்தூரி மானுக்கு அந்த மணம் தன் இனத்தோடு பேசும் மொழி. நமக்கு அது அழகான வாசனை. மணத்தின் அழகும் மணத்தின் வசியமும் வேறுவேறு என்பதற்கு இந்தப் பழைய வாசனைகளே சாட்சி. அழகு வேண்டும் என்பவருக்குச் சந்தனமும் மல்லிகையும் ஜவ்வாதும் இருக்கின்றன. அக்குள் வாடையை அந்த வரிசையில் சேர்க்க ஒரு காரணமும் இல்லை.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் சாமர்த்தியமானது. வசியம் பொய்யாகவே இருக்கட்டும். பூசிக்கொண்டவருக்குத் தன்னம்பிக்கை வந்தால் அது லாபந்தானே? தன்னம்பிக்கை பற்றிய பகுதி உண்மை. பிரிட்டனில் 2009இல் வெளியான ஒரு சோதனையில், சில ஆண்களுக்கு வாசனையுள்ள ஸ்பிரேயும் சிலருக்கு வாசனையற்றதும் கொடுத்தார்கள். பிறகு அவர்களை ஒலியில்லாத காணொளியில் பார்த்த பெண்கள், வாசனை போட்டவர்களைக் கூடுதல் கவர்ச்சியானவர்களாக மதிப்பிட்டார்கள். திரையில் மணம் வராது. மாறியது அந்த ஆண்களின் நடையும் பாவனையும்தான். இதிலிருந்து கிடைக்கும் பாடம், எந்த நல்ல வாசனையும் அந்த வேலையைச் செய்யும் என்பது. குளித்து, துவைத்த சட்டை போட்டு, பிடித்த வாசனையைப் பூசினால் அதே தன்னம்பிக்கை கிடைக்கும். அதற்கு இரண்டு நாள் சோப்பை ஒதுக்கி வைத்து வியர்வையை வடிக்கத் தேவையில்லை. பொய்யான காரணத்தில் பிறந்த தன்னம்பிக்கைக்கு ஒரு கெடுதியும் உண்டு. எதிரே இருப்பவர் மரியாதைக்குச் சிரித்ததை மருந்து வேலை செய்ததாக எண்ணத் தொடங்கினால், அவர் காட்டும் தயக்கமும் மறுப்பும் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

வீட்டில் காய்ச்சுவதில் உடலுக்கும் ஆபத்து இருக்கிறது. வியர்த்த பஞ்சில் தோலின் சாதுவான நுண்ணுயிர்களோடு, புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸும் இருக்கலாம். ஸ்பிரிட்டின் அடர்த்தி போதாமல் போனால் அவை சாகாது. சவரம் செய்த கழுத்தில் அதைத் தடவுவது தொற்றுக்கு வாசலைத் திறந்து வைப்பது. இன்னொருவரின் வியர்வையைச் சேகரித்துச் சேர்ப்பது அதைவிட மோசம். ஸ்பிரிட்டே ஒரு கேள்விக்குறி. தமிழ்நாட்டில் எத்தனால் மதுவிலக்குச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் பொருள். தொழிற்சாலை ஸ்பிரிட் என்று சில்லறையாகக் கைக்கு வருவதில் மெத்தனால் இருந்தால், அது தோல் வழியாகவும் ஆவி வழியாகவும் உடலுக்குள் போகும் நஞ்சு. அதைக் குடித்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கள்ளச்சாராயச் சாவுகள் நாட்டுக்கே காட்டின. செய்ததை விற்கவும் தொடங்கினால் சட்டம் குறுக்கே வரும். விற்பனைக்காக அழகுசாதனப் பொருள் தயாரிக்க 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் 2020ஆம் ஆண்டு விதிகளின் கீழும் உரிமம் வேண்டும். இல்லாத குணத்தை இருப்பதாகச் சொல்லும் விளம்பரம் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறு. ஆயத்தப் புட்டி வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்விகளும் எளியவை: இதில் உள்ள மூலக்கூறு எது, எந்த அளவில், எந்த மனிதரிடம், என்ன விளைவைக் காட்டியது? இவை எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் லேபிளைக் காண்பது அரிது.

இந்தச் சந்தை வியர்வையை இரண்டு முறை விற்கிறது. வெயிலில் வேலை செய்யும் ஊரில் வியர்ப்பது இயல்பு; அதை வெட்கப்பட வேண்டிய ஒன்றாகக் காட்டி டியோடரன்ட் விளம்பரம் முதல் காசை வாங்குகிறது. அதே வியர்வையில் இரகசிய சக்தி இருக்கிறது என்று சொல்லி ஃபெரோமோன் புட்டி இரண்டாம் காசை வாங்குகிறது. ஒன்று தடுக்கச் சொல்வதை இன்னொன்று தடவச் சொல்கிறது. ஆனால் இரண்டும் ஒரே நம்பிக்கையை விதைக்கின்றன: மற்றவர் நம்மைப் பற்றி எடுக்கும் முடிவை நம் அக்குள் தீர்மானிக்கிறது என்ற நம்பிக்கை. புட்டியை வாங்குபவர் உண்மையில் தேடுவது, கேட்காமலே கிடைக்கும் சம்மதத்தை. அந்த மருந்து ஒருவேளை வேலை செய்வதாக இருந்தால், அது மற்றவருக்குத் தெரியாமல் அவர் மனத்தை மாற்றும் மருந்தாக இருக்கும்; சாப்பாட்டில் இடுமருந்து வைத்ததாகச் சொல்லப்படுபவரை ஊர் எந்த முகத்தோடு பார்த்ததோ, அதே முகத்தோடுதான் இதையும் பார்க்க வேண்டியிருக்கும். நல்லவேளையாக, கிடைத்திருக்கும் சான்றுகள் வேறு பக்கம் நிற்கின்றன. அந்துப்பூச்சிக்கும் எருமைக்கிடாவுக்கும் மணம் முடிவெடுத்துக் கொடுக்கிறது. மனிதரிடம் அது ஒரு கருத்துச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. அதனால் விரும்புகிறவர் வாய்திறந்து கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்கப்பட்டவர் யோசிக்கலாம், மறுக்கலாம். மனித மூக்கு இந்த ஏற்பாட்டைக் கலைக்காமல் விட்டிருக்கிறது என்பதே இத்தனை ஆராய்ச்சியிலும் நமக்குக் கிடைத்த ஆதாயம்.